சம்பள நாளும் சங்க ரசீதும்

மாதத்தின் கடைசி வேலைநாளன்று, மதியத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் யாருக்கும் கோப்பில் கண் நிற்காத ஒரு காலம் இருந்தது. எழுபதுகளின் கடைசியிலோ எண்பதுகளின் தொடக்கத்திலோ இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்லாமலே அது நினைவுக்கு வந்துவிடும். கருவூலத்தில் சம்பளப் பட்டியல் பாஸாகி, வங்கியில் பணம் எடுத்து, கேஷியரும் பியூனும் பெட்டியோடு வந்து இறங்கும்வரை ஆளுக்கொரு சாக்குச் சொல்லி வராந்தாவுக்குப் போய்வருவோம். பெட்டி வந்ததும் அக்விட்டன்ஸ் ரோலில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டு, நோட்டுகளை ஒருமுறைக்கு இருமுறை எண்ணி, மளிகைக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு, ஊரிலிருக்கும் அம்மாவுக்கு மணியார்டர் இவ்வளவு என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டே வெளியே வந்தால், வாசற்படி ஓரத்தில் ரசீதுப் புத்தகத்தோடு சங்கப் பொருளாளர் நின்றிருப்பார்.

அவர் எடுத்த எடுப்பில் சந்தா கேட்டதே இல்லை. "அம்மாவுக்கு இப்போ தேவலையா தோழர்?" என்பார், "தங்கச்சி கல்யாணத்துக்கு ஜி.பி.எஃப். முன்பணம் போட்டீங்களே, வந்துதா? வரலைன்னா சொல்லுங்க, நாளைக்கு நானே பிரிவுக்குப் போய்க் கேக்கறேன்" என்பார், அதற்குள் நம் கை தானாகப் பைக்குள் போயிருக்கும். சின்னத் தொகைதான். கிழித்துக்கொடுக்கும் அந்தத் துண்டுக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கும்போது, இருபத்துச் சொச்சம் வயதில் புது ஊரில் வாடகை அறையில் தனியாக இருந்த எனக்கு, இந்த ஊரிலும் எனக்கு ஆள் இருக்கிறது என்ற தைரியம் வந்தது. இன்று சம்பளம் நேராக வங்கிக் கணக்கில் விழுகிறது. சம்பளச் சீட்டு 'களஞ்சியம்' செயலியில் வந்துவிடுகிறது. யாரும் யாருக்காகவும் வாசலில் நிற்பதில்லை. இதில் எனக்குக் குறை இல்லை. ஏனென்றால் அந்தக் காலத்தில் அதே வாசலுக்கு வெளியே, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வட்டிக்காரரும் நின்றிருப்பார். பொருளாளரிடம் ரசீது வாங்கிய கையோடு அவரிடம் பாதிச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன குடும்பஸ்தர்களை நான் பார்த்திருக்கிறேன். பணம் வங்கிக்குப் போனபோது வட்டிக்காரர் வாசலைவிட்டுப் போனார், அது நல்லது. ரசீதுப் புத்தகத்தோடு நலம் விசாரித்தவரும் அவரோடு சேர்ந்து போய்விட்டார்.

சங்க அலுவலகம் என்பது பெரும்பாலும் ஒரு ஓட்டுக் கட்டடத்தின் முன்னறை. நாலு மடக்கு நாற்காலி, ஒரு பெஞ்சு, சுவரில் முந்தைய மாநாட்டுச் சுவரொட்டி, மூலையில் பசை வாளி. மாலையில் அங்கே போனால் கோஷத்தைவிடக் கணக்கு அதிகம் கேட்கும். அடிப்படை விதிகளை மனப்பாடமாக வைத்திருந்த பெரியவர்கள் இருந்தார்கள். பதவி உயர்வில் சம்பளத்தை எப்படி நிர்ணயிப்பது, எஃப்.ஆர். 22-பி யாருக்குப் பொருந்தும், ஆண்டு ஊதிய உயர்வுக்கு முன்னால் விருப்பம் கொடுப்பதா பின்னால் கொடுப்பதா என்று ஒரு பழைய உறையின் பின்புறத்தில் எழுதிக் காட்டுவார்கள். மேலதிகாரி கோபத்தில் 17(பி) விதியின்படி ஒழுங்கு நடவடிக்கை மெமோ கொடுத்துவிட்டால், அதற்கு எந்த வார்த்தையில் பதில் எழுத வேண்டும், எந்த வார்த்தையைத் தொடவே கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்கள். துறைத் தேர்வுக்கு நான் படித்ததில் பாதி அந்த பெஞ்சில்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் இன்று என்னிடம் வந்து, "சார், சங்கத்துல சேர்ந்தா என்ன கிடைக்கும்?" என்று நேரடியாகக் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான், ஆனால் எங்களுக்கு அந்தக் கேள்வி தோன்றுவதற்கு முன்பே கிடைக்கத் தொடங்கியிருந்தது.

பஞ்சப்படி ஆணை வருவது ஒரு திருவிழா. தலைமைச் செயலகத்தில் கையெழுத்தாகிவிட்டது என்று சென்னையிலிருந்து யாரோ டிரங்க் கால் போட்டுச் சொல்ல, அது மாவட்டத் தலைநகரில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு உடைந்தும் வளர்ந்தும் நகர, மாலை வானொலிச் செய்தியில் உறுதியாக, அதற்கும் பல நாள் கழித்து அரசாணையின் நகல் தபாலில் வரும். அதை ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் மை பூசி உருட்டி, கை முழுக்கக் கறுப்போடு ஒவ்வொரு தாலுகா அலுவலகத்துக்கும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினால், வாங்கிய இடத்தில் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி நின்று அரியர் எவ்வளவு, அதில் ஜி.பி.எஃப்.பில் சேர்வது எவ்வளவு, ரொக்கமாக வருவது எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். இன்று அரசாணை வெளியான சில நிமிடங்களில் வாட்ஸ்அப் குழுவில் பி.டி.எஃப். வந்துவிடுகிறது, எவ்வளவு கூடும் என்று சொல்ல ஒரு கணக்குத்தாளும் கூடவே வருகிறது, ஆளுக்கொரு கட்டைவிரல் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். தவறான வதந்திக்கு இடமில்லை, யாரும் ஏமாறுவதில்லை, கையில் மை இல்லை. மேசையைச் சுற்றி நிற்பதும் இல்லை.

போராட்டங்களுக்கும் ஒரு படிவரிசை இருந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். முதலில் கோரிக்கை மனு. அடுத்து கருப்பு பேட்ஜ். பிறகு மதிய உணவு இடைவேளையில் வாயிற்கூட்டம். பிறகு மாவட்டத் தலைநகரில் தர்ணா. அதற்கும் அசையவில்லையென்றால் சென்னையில் பேரணி. எல்லாப் படியும் ஏறிய பிறகுதான் வேலைநிறுத்தம் என்ற சொல்லை யாராவது வாய்விட்டுச் சொல்வார்கள், சொன்ன பிறகு அறை கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருக்கும். சென்னைப் பேரணிக்கு முந்தின இரவு பஸ் பிடித்து, எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பகிர்ந்து, விடியற்காலையில் சேப்பாக்கம் பக்கம் இறங்கி, வேலூர்க்காரரும் நாகர்கோவில்காரரும் ஒரே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு, "உங்க ஊர்ல பட்டா மாறுதல் எத்தனை பாக்கி?" என்று பேசிக்கொண்டதில், இந்த மாநிலம் எவ்வளவு பெரியது, அதை நடத்துகிறவர்கள் எவ்வளவு சாதாரண மனிதர்கள் என்று எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது.

அந்தப் படிகளின் உச்சியில் 1988 இருக்கிறது. குடியரசுத் தலைவர் ஆட்சி. கோட்டையில் முதலமைச்சர் இல்லை, ஆளுநர் பி.சி. அலெக்சாண்டர் நிர்வாகம் நடத்திய காலம். மத்திய அரசு ஊழியர்களுக்கு நிகரான சம்பளம் வேண்டும் என்று ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் 'ஜாக்டீ' என்ற கூட்டுக் குழுவின் கீழ் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு தேர்தல் முடிந்து புதிய அரசு வந்தபின், 1988 ஜூன் 1 முதல் கணக்கிட்டு ஊதிய விகிதங்கள் மாற்றப்பட்டபோது, சம்பளம் மட்டுமல்ல, எங்கள் நடையே மாறியது. வீட்டுக்கு ஒரு மின்விசிறி, பிள்ளைக்கு ஒரு சைக்கிள், மனைவிக்குத் தீபாவளியில் ஒரு பட்டு. பெரிய வார்த்தைகளில் சொல்லப்பட்ட சமநிலை என்ற கோரிக்கை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

ஆனால் இவ்வளவு பேச்சுவார்த்தைக்கும் பின்னால் சட்டம் என்று ஒன்றும் இல்லை என்பதை அந்த வயதில் நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. என் சித்தப்பா மகன் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர். தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவின் கீழ் கையெழுத்தான ஊதிய ஒப்பந்தத்தை அவன் ஒரு சின்னப் புத்தகமாகவே வைத்திருப்பான். நிர்வாகம் ஒரு பக்கம், தொழிற்சங்கங்கள் ஒரு பக்கம், தொழிலாளர் துறை அதிகாரி நடுவில் என்று மூன்று கையெழுத்தோடு. எங்களிடம் அப்படி ஒரு தாளும் கிடையாது. 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 22-ஆம் விதி வேலைநிறுத்தம் கூடாது என்கிறது. தொழில் தகராறு சட்டமோ எங்களைப் போன்ற நிர்வாக ஊழியரைத் தொழிலாளராகக் கொண்டதில்லை. மத்திய அரசு ஊழியருக்கு 1966-இல் கூட்டு ஆலோசனை அமைப்பு வந்தது. பிரிட்டனின் விட்லி கவுன்சில் மாதிரியில் இரு தரப்பும் உட்காரவும், ஊதியம், வேலைநேரம், விடுப்பு ஆகியவற்றில் உடன்பாடு வராவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போகவும் அதில் வழி உண்டு. சங்கம் அமைக்கும் உரிமைக்கும் கூட்டுப் பேரத்துக்கும் உரிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98-ஆம் உடன்படிக்கைகள் 1948, 1949-இலேயே வந்தும், அரசு ஊழியர் மீதான கட்டுப்பாடுகளைக் காரணம் காட்டி இந்தியா இன்னும் அவற்றை ஏற்காமல் இருக்கிறது. ஆக, எங்கள் பேரம் நின்றது பழக்கத்தின் மேல். சங்கத் தலைவரை நிதித்துறைச் செயலர் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லும் மரியாதையின் மேல்.

அந்தப் பழக்கம் எவ்வளவு மெலிந்தது என்று 2003-இல் நாடே பார்த்தது. ஓய்வூதியச் சலுகைகளும் பிற பலன்களும் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஜூலை 2-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. தலைவர்கள் அதற்கு முன்பே கைதாகியிருந்தார்கள். 4-ஆம் தேதி அவசரச் சட்டத்தின் மூலம், அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மா கடுமையாக்கப்பட்டது, சுமார் 1.70 லட்சம் பேர் விசாரணையே இல்லாமல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். தற்காலிகமாக ஆள் எடுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் வரை போனபோது, மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக்கொடுத்தால் பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொள்ள அரசு சம்மதித்தது. ஆறாயிரத்துச் சொச்சம் பேர் விசாரணைக்கு நிறுத்தப்பட்டார்கள். ஆகஸ்ட் 6-ஆம் தேதித் தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்று சொன்னது. அந்த நாட்களின் டீக்கடைப் பேச்சு எனக்கு மறக்காது. "வாங்கற சம்பளத்துக்கு வேலை பார்த்தா என்ன?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டவர்கள் உண்டு, சர்டிஃபிகேட்டுக்கு நடையாய் நடந்த கசப்பு அவர்களுக்கு. எங்களை நேசித்த சனம் என்று நாங்கள் நம்பியிருந்த ஊர், எங்களுக்காகக் கடையடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் மாநில ஆளுங்கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்காமல் போனபின், ஊழியர் மீதான நடவடிக்கைகள் கைவிடப்பட்டன. ஒரு கோரிக்கை மனுவும் ஒரு மேசையும் தீர்த்திருக்க வேண்டியதைத் தேர்தல் முடிவு தீர்த்துவைத்தது. அது யாருக்கும் நல்ல பழக்கம் இல்லை.

அரசுத் தரப்பின் கணக்கும் எனக்குத் தெரியாததல்ல. பட்ஜெட் மதிப்பீட்டுக்காக ஒவ்வோர் ஆண்டும் நம்பர் ஸ்டேட்மெண்ட் தயாரித்த கை இது. எந்தப் பதவியில் எத்தனை பேர், யாருக்கு எந்த மாதம் ஊதிய உயர்வு, பஞ்சப்படி எத்தனை சதவீதம் கூடும் என்று பத்தி பத்தியாக எழுதி அனுப்பினால், அதெல்லாம் கூடி மாநிலத்தின் செலவுக் கணக்காக நிற்கும். வரி வருவாயில் மிகப் பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே போகிறது என்று 2003-இல் அரசு சொன்னது வெறும் சாக்கு அல்ல. அந்த ஆண்டுதான் நிதிப் பொறுப்புடைமைச் சட்டமும் வந்தது. 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் கடனை 5.70 லட்சம் கோடி ரூபாய் என்றும், அதைப் பிரித்தால் ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் என்றும் காட்டியது. 2025-26 பட்ஜெட் நிலுவைக் கடனை 9.29 லட்சம் கோடிக்கு மேல் மதிப்பிட்டது. இந்த எண்களைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காதே என்று ஊழியரிடம் சொல்வதும், இந்த எண்களைப் பார்க்காமலே எல்லாவற்றையும் கேள் என்று சங்கம் சொல்வதும் எனக்கு ஒப்பில்லை. இரண்டையும் நான் கேட்டு வளர்ந்தேன்.

கொரோனா வந்த 2020-இல் அகவிலைப்படி நிறுத்திவைக்கப்பட்டது, ஈட்டிய விடுப்புச் சரண்டர் நின்றது. ஓய்வு வயது 58-இலிருந்து 59 ஆகி, மறு ஆண்டு 60 ஆனது. 17 சதவீதத்தில் நின்ற படி 2022 ஜனவரியில் 31 ஆனது. சரண்டர் திரும்ப 2025 அக்டோபர் வரை காத்திருந்தது. ஓய்வு வயது கூடியதில் மகிழ்ந்த அப்பாக்களை அறிவேன்; கடைசிக் கடனை அடைக்க இரண்டு வருஷம் கிடைத்தது. அதே வீட்டில் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மகனுக்குக் காலியிடம் இரண்டு வருஷம் தள்ளிப்போனது. 2024-இல் அந்தத் தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். டீக்கடையில் எங்களைப் பார்த்துக் கசந்தவரின் பிள்ளையும் அந்த வரிசையில் நிற்கிறது என்பதை நாங்கள் எப்போதும் நினைவில் வைக்க வேண்டும்.

என் மனதை இன்றும் அறுப்பது ஓய்வூதியம்தான். 2003 மார்ச் 31-க்குள் வேலையில் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம். ஏப்ரல் 1-ஆம் தேதியும் அதற்குப் பிறகும் சேர்ந்தவருக்குப் பங்களிப்புத் திட்டம். அடிப்படைச் சம்பளத்திலும் படியிலும் பத்து சதவீதம் பிடித்தம். அரசும் அதே அளவு போட்டது. ஆனால் மாதாமாதம் இவ்வளவு என்ற உறுதி இருக்கவில்லை. ஒரே பிரிவில், ஒரே மாதிரிக் கோப்பைப் பார்த்துக்கொண்டு, ஒரே டிபன் பாக்ஸிலிருந்து ஊறுகாய் பகிர்ந்துகொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருடைய முதுமைக்குக் கூரை இருந்தது, மற்றவருடையதற்கு ஒரு கணக்குச் சீட்டு இருந்தது. நாங்கள் பேசி வாங்கியது எங்களோடு நின்றுவிட்டது. எங்களுக்குப் பிறகு வந்த பிள்ளைகளைக் கேட்காமல், அவர்கள் வேலையில் சேரும் முன்பே, அவர்கள் பங்கு முடிவாகிவிட்டது. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது முன்வரிசையில் நின்றவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். 22-ஆம் தேதி தொடங்கி 30-ஆம் தேதி முடித்துக்கொண்டார்கள். பழைய ஓய்வூதியமும், 21 மாத ஊதிய நிலுவையும் கேட்டு அவர்கள் நின்றபோது, எங்கள் காலத்துப் பாட்டு இல்லை, எலுமிச்சைச் சாதம் இல்லை. கையில் கைபேசி, முகத்தில் கவலை.

அவர்களுக்கும் கீழே இன்னொரு வரிசை இருக்கிறது. செலவைக் குறைக்கும் வழி என்று நிரந்தர இடங்கள் காலியாக விடப்பட, தொகுப்பூதியத்திலும் வெளிமுகமை மூலமும் ஆட்கள் வந்தார்கள், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தின் அமைப்பாளரும் சமையலரும் சிறப்புக் காலமுறை ஊதியத்தில் தலைமுறை ஒன்றைச் சமைத்துப் போட்டுவிட்டு ஓய்வுபெறுகிறார்கள். என் பழைய அலுவலகத்துக்குப் போனால் கணினிக்கு முன்னால் வேகமாகத் தட்டச்சு செய்யும் பெண், "உக்காருங்க ஐயா, டீ சொல்றேன்" என்கிறாள். அவளுக்கு முதலாளி ஓர் ஒப்பந்த நிறுவனம். எந்தச் சங்கத்தின் ரசீதும் அவள் மேசைக்கு வருவதில்லை. நாங்கள் பெற்ற கண்ணியத்தின் விலையை யாரோ அங்கே கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் அந்த டீயோடு உள்ளே இறங்குகிறது.

இத்தனை தூரம் பேசியது, அந்தக் காலம் பொற்காலம் என்று நிறுவ அல்ல. தாமதமும் வட்டியும் கறுப்பு மையும் போனது போகட்டும். திரும்ப வேண்டியது ஒன்றுதான்: எதிரெதிரே உட்கார்ந்து பேசும் பழக்கம், இந்த முறை சட்டத்தின் பலத்தோடு. ஓய்வூதியம் பற்றி ஆராய 2025 பிப்ரவரியில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு அமைத்து, பழைய திட்டம், பங்களிப்புத் திட்டம், மத்திய அரசின் ஒருங்கிணைந்த திட்டம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். சங்கங்களையும் அழைத்துக் கேட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது மகிழ்ந்தேன்; 2003-இல் முதலில் நடந்திருக்க வேண்டியது அது என்றும் தோன்றியது. மேசை போட இருபத்திரண்டு ஆண்டு ஆகக் கூடாது. கடன்பட்ட குடும்பத்தில் தகப்பன் கணக்கு நோட்டைப் பிள்ளைகளுக்கு முன்னால் விரித்து வைத்தால், இந்தத் தீபாவளிக்குப் புதுத்துணி வேண்டாம் என்று பிள்ளைகளே சொல்வார்கள். மூடிய நோட்டைக் காட்டிச் சிக்கனம் கேட்டால் சண்டைதான் வரும்.

மத்திய அரசு ஊழியருக்கு 1966-இல் கிடைத்ததைப் போன்ற ஒரு மன்றம் தமிழ்நாட்டு ஊழியருக்கும் சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டத்தால் அமைய வேண்டும். அதில் ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டுக்கு முன்னால் நிதித்துறை தன் கணக்கை விரிக்க வேண்டும். உடன்பாடு இல்லாதபோது நடுவருக்குப் போகும் வழி இருக்க வேண்டும். தொகுப்பூதியக்காரருக்கும் வெளிமுகமைப் பெண்ணுக்கும் அங்கே நாற்காலி இருக்க வேண்டும். சங்கமும் தன் பங்குக்கு, பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் நடக்கும் மனிதரின் குறையைத் தன் கோரிக்கைப் பட்டியலில் முதல் வரியாக எழுத வேண்டும். அவர் நம் பக்கம் இல்லாமல் வாங்கியது எதுவும் நிலைக்கவில்லை என்பதற்கு 2003 சாட்சி. இதைக் கேட்க எனக்கு வயதாகிவிட்டது என்று பேரன் சொல்கிறான். ஓய்வூதியம் வாங்குகிறவன் கேட்காமல் வேறு யார் கேட்பது? அந்த ஓய்வூதியத்தை எனக்குப் பேசி வாங்கித் தந்தவர்கள் பலர் அதை வாங்கும் முன்பே போய்விட்டார்கள். எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக நான் பேச வேண்டிய முறை இது.